காரும் ஒரு கம்ப்யூட்டர்தான்! எஞ்சின் விளக்கு எரிந்தால் வீட்டிலேயே பழுதறிவது எப்படி?

காரின் டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் எஞ்சின் வடிவ விளக்கு ஒன்று திடீரென்று எரிகிறது. கார் வழக்கம்போலத்தான் ஓடுகிறது. சத்தமும் இல்லை, புகையும் இல்லை. ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துச் சென்றால் "சென்சார் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்கிறார்கள். எந்த சென்சார்? எதனால் போயிற்று? மாற்றினால் விளக்கு அணையுமா? பில்லைக் கட்டுவதற்கு முன் இந்தக் கேள்விகளுக்கு நீங்களே விடை தேடலாம். காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் தான் கண்ட பழுதை ஓர் எண்ணாக எழுதி வைத்துக்கொண்டுதான் அந்த விளக்கை எரியவிடுகிறது. அந்த எண்ணைப் படிக்க சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு சிறிய கருவியும், உங்களிடம் ஏற்கெனவே உள்ள மொபைல் போன் அல்லது லேப்டாப்பும் போதும். அதைப் பயன்படுத்தும் முறையை இக்கட்டுரையில் படிப்படியாகக் காண்போம்.

ஓபிடி என்றால் என்ன?

இன்றைய காரில் பெட்ரோல் எவ்வளவு தெளிக்க வேண்டும், ஸ்பார்க் எப்போது வர வேண்டும் என்பதை முடிவு செய்வது இசியூ எனப்படும் சிறிய கம்ப்யூட்டர். உள்ளே வரும் காற்றின் அளவு, கூலன்ட்டின் வெப்பம், புகையில் மீதமுள்ள ஆக்சிஜன், எஞ்சினின் வேகம் ஆகியவற்றை சென்சார்கள் அதற்குத் தெரிவித்துக்கொண்டே இருக்கும். ஏதாவது ஓர் அளவு எல்லை மீறினால் இசியூ அதைக் குறித்துக்கொள்ளும். இப்படிக் கார் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் ஏற்பாட்டிற்குத்தான் ஓபிடி என்று பெயர்.

தொடக்கத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஒரு சாக்கெட், தனக்கென ஒரு மொழி என்று வைத்திருந்தது. புகை மாசைக் கட்டுப்படுத்துவதற்காக அமெரிக்க அரசு 1996ஆம் ஆண்டு மாடல் முதல் எல்லாக் கார்களிலும் ஒரே மாதிரியான சாக்கெட்டும் ஒரே மாதிரியான பழுது எண்களும் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. இதுவே ஓபிடி 2. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதல் இதே போன்ற விதி வந்தது. இந்தியாவில் 2010 ஏப்ரலில் ஓபிடி 1, 2013 ஏப்ரலில் ஓபிடி 2 என்று படிப்படியாகக் கட்டாயமாயிற்று. எனவே 2013க்குப் பிறகு தயாரான கார் உங்களுடையது என்றால் கவலையில்லை. அதற்கு முந்தைய கார்களில் சிலவற்றில் இந்த வசதி உண்டு, சிலவற்றில் இல்லை. இன்னும் சிலவற்றில் சாக்கெட் மட்டும் அதே வடிவில் இருக்கும். பேசுவது கம்பெனியின் சொந்த மொழியாக இருக்கும். பழைய கார் வைத்திருப்பவர்கள் கருவியை வாங்குவதற்கு முன் நண்பரிடம் இரவல் வாங்கிச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

சாக்கெட் எங்கே இருக்கும்?

டிரைவர் இருக்கையில் அமர்ந்து ஸ்டியரிங்கிற்குக் கீழே, முழங்காலுக்கு மேலே கையால் தடவிப் பாருங்கள். இரண்டு வரிசைகளில் எட்டு எட்டாக 16 பின்கள் கொண்ட, சரிவக வடிவ சாக்கெட் ஒன்று தட்டுப்படும். சில கார்களில் ஃபியூஸ் பெட்டியின் மூடிக்குள் இருக்கும். 16ஆம் பின்னில் பேட்டரியின் 12 வோல்ட், 4 மற்றும் 5ஆம் பின்களில் எர்த், 6 மற்றும் 14ஆம் பின்களில் கேன் எனப்படும் நெட்வொர்க் இணைப்பு. மின்சாரம் சாக்கெட்டிலேயே கிடைப்பதால் கருவிக்குத் தனி பேட்டரி தேவையில்லை.

எந்தக் கருவியை வாங்குவது?

கடைகளில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, சொந்தத் திரையுள்ள கையடக்க ரீடர். செருகினால் எண்ணைக் காட்டும். அவ்வளவுதான். இன்னொன்று, தீப்பெட்டி அளவிலான அடாப்டர். இதற்குத் திரை கிடையாது. புளூடூத், வைஃபை அல்லது யூஎஸ்பி வழியாகப் போனுடனோ கம்ப்யூட்டருடனோ பேசும். விலையும் குறைவு, பார்க்கக்கூடிய விவரங்களும் அதிகம் என்பதால் நமக்கு ஏற்றது இந்த இரண்டாவது வகையே.

இந்த அடாப்டர்களின் மேல் 'எல்ம்327' என்று அச்சிட்டிருக்கும். அது கனடா நாட்டின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் வடிவமைத்த சிப்பின் பெயர். முதல் பதிப்பில் காப்பித் தடுப்பு வைக்காததால் அதைப் பார்த்து நகலெடுத்தவை உலகெங்கும் பரவின. அந்த நிறுவனம் 2022ல் மூடப்பட்டுவிட்டது. ஆகவே மலிவு விலையில் இன்று கிடைப்பவை பெரும்பாலும் நகல்களே. பழுது எண்ணைப் படிக்க நகலும் போதும். ஆனால் சில நகல்களில் பாதி கட்டளைகள் வேலை செய்யாது. சில நகல்கள் பழைய கார்களின் மொழிகளைப் புரிந்துகொள்ளாது. திருப்பித் தரும் வசதியுள்ள கடையில் வாங்குங்கள்.

கவனிக்க: ஆண்ட்ராய்டு போனுக்கு சாதாரண புளூடூத் அடாப்டர் போதும். ஐபோனுக்கு அது ஒத்துவராது, புளூடூத் 4.0 லோ எனர்ஜி வகையோ வைஃபை வகையோ வாங்க வேண்டும். கம்ப்யூட்டரில் பயன்படுத்த யூஎஸ்பி வகையே நம்பகமானது.

இணைக்கும் முறை

1. கார் சாவி ஆஃப் நிலையில் இருக்கும்போது அடாப்டரை சாக்கெட்டில் செருகுங்கள்.

2. சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள். எஞ்சினை இயக்க வேண்டியதில்லை. பட்டன் ஸ்டார்ட் கார்களில் பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அழுத்தினால் இந்த நிலை வரும்.

3. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் சென்று புளூடூத்தை ஆன் செய்யுங்கள். 'ஓபிடி 2' என்பது போன்ற பெயர் தோன்றும். அதைத் தொட்டால் பின் எண் கேட்கும். பெரும்பாலும் 1234 அல்லது 0000.

4. பிளே ஸ்டோரில் இருந்து 'கார் ஸ்கேனர்' அல்லது 'டார்க் ப்ரோ' போன்ற ஒரு செயலியை நிறுவுங்கள். அதன் செட்டிங்ஸ் பகுதியில் அடாப்டர் என்ற இடத்தில் மேற்கண்ட பெயரைத் தேர்ந்தெடுங்கள்.

5. கனெக்ட் பொத்தானை அழுத்துங்கள். காரின் மொழியைக் கண்டுபிடிக்க முதல் முறை சற்று நேரமாகும்.

வைஃபை அடாப்டர் என்றால் போனை அதன் வைஃபையில் இணைத்து, செயலியில் ஐபி முகவரி 192.168.0.10, போர்ட் 35000 என்று கொடுத்தால் பெரும்பாலானவை இணைந்துவிடும். யூஎஸ்பி அடாப்டர் என்றால் முதலில் அதற்குரிய டிரைவரை விண்டோஸில் நிறுவ வேண்டும். பின்பு டிவைஸ் மேனேஜரைத் திறந்து போர்ட்ஸ் பிரிவில் எந்த காம் போர்ட் எண் கிடைத்திருக்கிறது என்று பார்த்து, அதே எண்ணை மென்பொருளில் கொடுக்க வேண்டும்.

பழுது எண்ணைப் புரிந்துகொள்வது

செயலியில் டிரபிள் கோட்ஸ் என்ற பகுதிக்குச் சென்றால் பி0301 என்பது போல ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் தெரியும். இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அமைப்பைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதல் எழுத்து பிரிவைச் சொல்லும். ஆங்கில அகரவரிசையின் 16ஆம் எழுத்தான பி என்றால் எஞ்சினும் கியரும். இரண்டாம் எழுத்தான பி என்றால் ஏர்பேக் போன்ற பாடி சமாச்சாரம். சி என்றால் பிரேக், ஸ்டியரிங் போன்றவை. யூ என்றால் காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு இடையிலான தகவல் தொடர்பு. மலிவான அடாப்டர்களில் நாம் பார்க்கப்போவது பெரும்பாலும் 16ஆம் எழுத்தைத்தான். இக்கட்டுரையின் எண்களில் வரும் பி அதுவே.

அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான எண். 1 என்றால் அந்தக் கம்பெனிக்கு மட்டும் உரியது. அதன் பொருளை அந்தக் கார் மாடலின் பெயரோடு தேட வேண்டும். இரண்டாவது இலக்கம் எந்தப் பகுதி என்று சொல்லும்: 1, 2 காற்றும் எரிபொருளும், 3 இக்னிஷன், 4 புகைக் கட்டுப்பாடு, 5 வேகமும் ஐடிலும், 6 இசியூ, 7 கியர். கடைசி இரண்டு இலக்கங்கள் குறிப்பிட்ட பழுது.

அடிக்கடி வரும் சில எண்கள்:

பி0113 – உள்ளே வரும் காற்றின் வெப்ப சென்சார் சர்க்யூட்டில் மின்னழுத்தம் அதிகம்
பி0118 – கூலன்ட் வெப்ப சென்சார் சர்க்யூட்டில் மின்னழுத்தம் அதிகம்
பி0128 – எஞ்சின் போதிய சூட்டை எட்டவில்லை, தெர்மோஸ்டாட் சந்தேகம்
பி0135 – முதல் ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்
பி0171 – கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு
பி0300 – பல சிலிண்டர்களில் மிஸ்ஃபயர்
பி0301 – முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர் (0302 இரண்டாவது, 0303 மூன்றாவது)
பி0420 – கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறன் குறைவு
பி0562 – மின்னழுத்தம் குறைவு. பேட்டரி, ஆல்டர்னேட்டர் பார்க்கவும்
பி2463 – டீசல் காரின் டிபிஎஃப் வடிகட்டியில் கரி சேர்ந்துவிட்டது

எண்ணைப் பார்த்து உடனே பாகத்தை வாங்காதீர்கள்!

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள். பழுது எண் எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை. இசியூவுக்கு எந்த அளவு சரியாகப் படவில்லை என்றுதான் சொல்கிறது. காய்ச்சலைக் காட்டியதற்காகத் தெர்மாமீட்டரை யாரும் மாற்றுவதில்லை அல்லவா? கார் விஷயத்தில் அதைத்தான் பலரும் செய்கிறார்கள். மூன்று உதாரணங்களைப் பார்ப்போம்.

உதாரணம் 1: பி0113. செயலியின் லைவ் டேட்டா பகுதியில் இன்டேக் ஏர் டெம்பரேச்சரைப் பாருங்கள். சென்னை வெயிலில் நிற்கும் காரில் அது மைனஸ் 40 டிகிரி என்று காட்டினால் அங்கே குளிர் இல்லை, இணைப்பு இல்லை என்று பொருள். வயர் அறுந்தாலோ கனெக்டர் கழன்றாலோ திரையில் வரும் எண் அது. ஏர் ஃபில்டரை மாற்றிய பிறகு கனெக்டரைத் திரும்பச் செருக மறந்தால் இந்தப் பழுது வரும். சாவியை ஆஃப் செய்து, கனெக்டரை 'க்ளிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். செலவு ஒன்றுமில்லை.

உதாரணம் 2: பி0301. எஞ்சின் உதறுகிறது. ஸ்பார்க் பிளக்கா, இக்னிஷன் காயிலா, இன்ஜெக்டரா? ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி காயில் உள்ள காராக இருந்தால் எளிய வழி ஒன்று உண்டு. எஞ்சின் ஆறிய பிறகு, முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போடுங்கள். மூன்றாவதில் இருந்ததை முதலாவதில் போடுங்கள். எண்ணை அழித்துவிட்டுச் சிறிது தூரம் ஓட்டுங்கள். இப்போது பி0303 வந்தால் பழுது காயிலோடு இடம் மாறிவிட்டது. காயிலை மட்டும் மாற்றினால் போதும். மீண்டும் பி0301 வந்தால் காயில் நன்றாக இருக்கிறது. இதே முறையில் ஸ்பார்க் பிளக்கை இடம் மாற்றிப் பாருங்கள். அதிலும் பழுது நகரவில்லை என்றால் இன்ஜெக்டரையும் கம்ப்ரஷனையும் மெக்கானிக் பார்க்கட்டும்.

உதாரணம் 3: பி0171. இந்த எண்ணைப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. "பெட்ரோல் குறைவு" என்று செய்தி சொன்னதே அந்த சென்சார்தான். லைவ் டேட்டாவில் லாங் டேர்ம் ஃபியூயல் டிரிம் என்ற அளவைப் பாருங்கள். இசியூ வழக்கத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் தெளிக்கிறது என்பதே அது. பூஜ்யத்தைச் சுற்றி 5 முதல் 10 சதவீதம் வரை ஏறி இறங்குவது சாதாரணம். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் பிளஸ் 20 காட்டி, 2500 ஆர்பிஎம்மில் 4 அல்லது 5க்கு இறங்கினால் எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது. வெடித்த வாக்குவம் ஹோஸ், தளர்ந்த கிளிப், இன்டேக் கேஸ்கட் ஆகியவற்றைப் பாருங்கள். மாறாக, ஐடிலில் ஓரளவு சரியாக இருந்து, வேகம் கூடக் கூட டிரிம்மும் கூடினால் பெட்ரோல் போதவில்லை. ஃபில்டர், பம்ப் பக்கம் போங்கள். காற்றின் அளவை எடுக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரில் அழுக்குப் படிந்தாலும் இப்படி ஆகும். அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால் சுத்தம் செய்யலாம். விரலாலோ துணியாலோ தொடக் கூடாது.

பி0420 வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: கன்வெர்ட்டர் விலை உயர்ந்த பாகம். அதை மாற்றுவதற்கு முன் சைலன்சர் குழாயில் கசிவு இருக்கிறதா, மிஸ்ஃபயர் எண் ஏதேனும் கூடவே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எரியாத பெட்ரோல் போய்க்கொண்டே இருந்தால் புதிய கன்வெர்ட்டரும் கெட்டுப்போகும்.

பி2463 வந்த டீசல் கார் தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடுவதாக இருந்தால் வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் சூடே வருவதில்லை. காரின் கையேட்டில் கூறியபடி நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் விளக்கு அணையாவிட்டால் சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டும்.

லைவ் டேட்டா: சரியான அளவுகள்

சூடான எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது பெரும்பாலான பெட்ரோல் கார்களில் காணப்படும் அளவுகள் இவை:

எஞ்சின் வேகம் – 650 முதல் 900 ஆர்பிஎம்
கூலன்ட் வெப்பம் – 80 முதல் 105 டிகிரி
பேட்டரி மின்னழுத்தம் – எஞ்சின் ஓடும்போது சுமார் 13.5 முதல் 14.7 வோல்ட், நிறுத்திய பிறகு 12.4க்கு மேல்
இன்டேக் மேனிஃபோல்ட் அழுத்தம் – சுமார் 30 முதல் 40 கிலோபாஸ்கல்

புதிய கார்கள் சிலவற்றில் ஆல்டர்னேட்டரை இசியூவே கட்டுப்படுத்துவதால் மின்னழுத்தம் சற்று ஏறி இறங்கும். அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம்.

இன்னொரு நல்ல சோதனை: இரவு முழுவதும் நின்ற காரில் காலையில் எஞ்சினை இயக்காமல் கூலன்ட் வெப்பத்தையும் உள்ளே வரும் காற்றின் வெப்பத்தையும் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பெரிய வித்தியாசம் இருந்தால் இரண்டில் ஒரு சென்சார் பொய் சொல்கிறது.

கம்ப்யூட்டர் ஆர்வலர்களுக்கு: காருடன் நேரடியாகப் பேசலாம்

செயலி எதுவும் இல்லாமலே காருடன் பேசலாம். விண்டோஸில் 'புட்டி' என்ற இலவச மென்பொருளைத் திறந்து, சீரியல் என்பதைத் தேர்ந்தெடுத்து, காம் போர்ட் எண்ணையும் வேகமாக 38400 என்பதையும் கொடுத்து ஓப்பன் செய்யுங்கள். கீழ்க்காணும் கட்டளைகளை ஆங்கில எழுத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

ஏடிஇசட் – அடாப்டர் புதிதாகத் தொடங்கித் தன் பதிப்பைச் சொல்லும்
ஏடிஆர்வி – பேட்டரி மின்னழுத்தம்
ஏடிஎஸ்பி0 – காரின் மொழியைத் தானே கண்டுபிடிக்கும்
0105 – கூலன்ட் வெப்பம்
010சி – எஞ்சின் வேகம்
03 – பதிவான பழுது எண்கள்

0105க்கு '41 05 82' என்று பதில் வந்தால் கடைசியில் உள்ள 82 தான் விடை. இது ஹெக்ஸாடெசிமல். 8ஐ 16ஆல் பெருக்கி 2ஐக் கூட்டினால் 130. அதில் 40ஐக் கழித்தால் 90 டிகிரி. மைனஸ் 40 எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்: சென்சார் தரும் எண் பூஜ்யமானால் விடை மைனஸ் 40. அதேபோல் 010சிக்கு '41 0சி 1ஏ எஃப்8' என்று வந்தால் 1ஏ என்பது 26, எஃப்8 என்பது 248. 26ஐ 256ஆல் பெருக்கி 248ஐக் கூட்டினால் 6904. அதை 4ஆல் வகுத்தால் 1726 ஆர்பிஎம். 04 என்ற கட்டளை எல்லாப் பழுது எண்களையும் அழித்துவிடும். விளையாட்டாகக் கூட டைப் செய்ய வேண்டாம்.

அழிப்பதற்கு முன் யோசியுங்கள்

கிளியர் கோட்ஸ் பொத்தானை அழுத்தினால் விளக்கு அணையும். பழுது அப்படியேதான் இருக்கும். அதோடு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பயனுள்ள பதிவும் போய்விடும். பழுது நேர்ந்த அந்தக் கணத்தில் காரின் வேகம், வெப்பம், லோடு எவ்வளவு என்பதைச் சொல்வது அது. எனவே எண்ணையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, பழுதைச் சரிசெய்த பிறகே அழியுங்கள்.

பழைய கார் வாங்குவோருக்கு இது இன்னும் முக்கியம். விற்பவர் காலையில் எண்ணை அழித்துவிட்டு மாலையில் காரைக் காட்டினால் விளக்கு எரியாது. ஆனால் எண்ணை அழிக்கும்போது ரெடினஸ் மானிட்டர்கள் எனப்படும் சுயசோதனைகளின் முடிவுகளும் அழிந்துவிடும். பல நாள் பலவிதமாக ஓட்டினால்தான் அவை மீண்டும் நிறைவடையும். செயலியில் அவை 'இன்கம்ப்ளீட்' என்று வரிசையாகக் காட்டினால் உஷாராகுங்கள். 'கோட் அழித்த பின் ஓடிய தூரம்' என்ற அளவும் பல கார்களில் கிடைக்கும். தினமும் ஓடும் கார் என்று சொல்லப்பட்டதில் அது 12 கிலோமீட்டர் என்று காட்டினால் காரணம் கேளுங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் இப்படி ஆகலாம். அதனால் பதில் கேட்காமல் முடிவு கட்ட வேண்டாம். ஒரு வாரம் கழித்து மீண்டும் சோதிக்க அனுமதி கேட்கலாம்.

எச்சரிக்கைகள்

எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் கடுமையான மிஸ்ஃபயர் என்று பொருள். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். சிவப்பு நிறத்தில் ஆயில் விளக்கோ வெப்ப விளக்கோ எரிந்தால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். கோட் ரீடரைத் தேடும் நேரம் அதுவல்ல.

மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். ஓட்டிக்கொண்டே லைவ் டேட்டா பார்க்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். ஏர்பேக், பிரேக் தொடர்பான வேலைகளை வீட்டில் செய்யாதீர்கள். வாரன்டியில் உள்ள கார் என்றால் எண்ணைக் குறித்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போவதே சரி.

வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். சாவி ஆஃப் நிலையிலும் அது மின்சாரம் எடுக்கும். நாள்கணக்கில் நிற்கும் காரில் பேட்டரி இறங்கிவிடும். மேலும் மலிவான அடாப்டர்களில் பாதுகாப்பு என்று சொல்லும்படி எதுவும் கிடையாது.

இதே சாக்கெட்டில் செருகினால் மைலேஜ் கூடும் என்று விளம்பரப்படுத்தப்படும் கருவிகளும் விற்பனையில் உள்ளன. அப்படிப்பட்ட பலவற்றைத் திறந்து பார்த்தவர்கள் உள்ளே கண்டது மினுக்கும் விளக்குகளை மட்டுமே. அந்தப் பணத்திற்கு ஒரு நல்ல ஏர் ஃபில்டர் வாங்கலாம்.

கோட் ரீடர் வாங்கியவுடன் எல்லோரும் மெக்கானிக் ஆகிவிட முடியாது. ஆனால் "எஞ்சின் விளக்கு எரிகிறது, என்னவென்று பாருங்கள்" என்று சொல்வதற்கும், "பி0171 வருகிறது, ஐடிலில் மட்டும் டிரிம் 20 சதவீதம், வாக்குவம் ஹோஸைப் பாருங்கள்" என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. விளக்கு எரியும்வரை காத்திருக்காமல், கார் நன்றாக ஓடும்போதே ஒரு முறை இணைத்து உங்கள் காரின் வழக்கமான அளவுகளை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நாளைக்கு ஏதாவது ஓர் அளவு மாறினால், ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல கையேடு கிடையாது.